கோபுரத்தின் மேல் ஐந்து புள்ளிகள்

1. விதி

பழைய அனிமேஷன் படங்களை 4கே டிஸ்க்குக்காகச் சுத்தம் செய்யும் ஏற்காட்டு அலுவலகம் ஒன்றில் நான் சேர்ந்த முதல் நாள், மேற்பார்வையாளர் கனகா அக்கா ஒரே ஒரு விதியைத்தான் கற்றுத் தந்தார். கையால் வரைந்த ஒவ்வொரு ஓவியத்தையும் அக்காலத்தில் பிலிமின் அடுத்தடுத்த இரண்டு ப்ரேம்களில் பதிவு செய்தார்கள். ஆகவே இரண்டிலும் இருப்பது ஓவியம். ஒன்றில் மட்டும் தென்படுவது பிலிமில் ஒட்டிய தூசி. அதை அழித்துவிட வேண்டும்.

இலக்கிய மாணவி என்பதால், படத்தின் கதை என்னவென்று கேட்டேன்.

“நீ படம் பாக்க வரல கண்ணு, தூசி பாக்க வந்திருக்கற.”

ஒலி தனிக் கோப்பாக வந்திருந்தது. அதை யாரும் திறப்பதில்லை.

2. நாலு மணி பஸ்

என் பங்குக்கு வந்தது ஒரு விண்வெளிப் படத்தின் மூன்றாம் ரீல். திரையரங்கில் தோற்று, பிறகு ரசிகர்கள் கைக்குக் கை மாற்றிக் காப்பாற்றிய படம் அது. மலையின் இணையத்தில் அவ்வளவு பெரிய ரீலை அனுப்ப இயலாது. ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி நாலு மணி பஸ்ஸில் சேலத்துக்குக் கொடுத்தனுப்புவோம். அங்கிருந்து நேரே டிஸ்க் தயாரிப்புக்குப் போய்விடும். பிறகு திருத்த வழியில்லை.

அன்று எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய பின், ஆவல் தாங்காமல் ஹெட்போன் மாட்டி, ஒலியோடு ரீலை ஓடவிட்டேன். ஆளற்ற கோள் ஒன்றைக் கப்பல் கடக்கிறது. கதாநாயகி சட்டென எழுந்து ஜன்னலுக்கு ஓடி, கைவிளக்கை மூன்று முறை மினுக்கி, சற்று நிறுத்தி, மறுபடி இரண்டு முறை மினுக்குகிறாள். பிறகு அழுகிறாள்.

யாருக்குப் பதில் சொல்கிறாள்? முந்தைய ஷாட்டில் எந்த விளக்கும் மினுங்கவில்லை. அந்த ஷாட்டைச் சுத்தம் செய்தவள் நான்.

மூல ஸ்கேனைத் திறந்தேன். கோளின் மேல் ஒரு கோபுரம். அதன் உச்சியில், ஒரே ஒரு ப்ரேமுக்கு, ஒரு வெள்ளைப் புள்ளி. அப்படி மூன்று, இடைவெளிக்குப் பின் இரண்டு. காட்சி இடப்புறம் நகர்ந்தபோது அடுத்தடுத்த புள்ளிகளும் கோபுரத்தோடு நகர்ந்தன. தூசி அப்படி நகராது. விதிப்படி ஐந்தையும் நான் அழித்திருந்தேன். அச்சத்தை விட மகிழ்ச்சியே முந்தியது: யாரோ ஒருவர் வேண்டுமென்றே ஒரு ப்ரேமுக்கு மட்டும் ஏற்றிய விளக்கு அது!

மணி மூன்றரை. அக்காவிடம் ஓடினேன்.

“ஏங்கண்ணு, பஸ்ஸு வர்ற நேரத்துல கதை சொல்றியா?”

“கதைதானுங்கக்கா. அந்தக் கோபுரத்துல ஆள் இருக்கறாங்க. நான் அழிச்சுட்டேனுங்க.”

அவர் இரண்டு வடிவங்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை என் பக்கம் தள்ளினார்.

“மாத்து. கண்டக்டரு எங்க ஊரு மஞ்சக்குட்டைக்காரருதான், அஞ்சு நிமிசம் நிப்பாரு.”

ஒவ்வொரு ப்ரேமும் தனிக் கோப்பு. ஐந்தை மட்டும் மாற்றினால் போதும். ஆனாலும் அந்த ஷாட்டில் நான் அழித்த மற்ற இடங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதுவும் காட்சியோடு நகரவில்லை, தூசிதான். வெளியே பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தபோது அக்கா டிஸ்க்கோடு பனிமூட்டத்துக்குள் ஓடினார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர், நாற்காலியை என் மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

“அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு? ஓட்டு.”

இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாள் வேலை, தங்கள் ரீலை ஒலியோடு முழுவதும் பார்ப்பது. கருவிகளைத் தொட யாராவது அவசரப்பட்டால், அக்காவே தடுக்கிறார்.

“மொதல்ல படத்தப் பாரு கண்ணு. தூசி எங்கயும் போயிராது.”