மூன்று புத்தகமும் ஒரு கத்தரிக்கோலும்

குவில்ட் என்றால் பெரிய சமாசாரம் இல்லை. துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கட்டம் கட்டமாகத் தைத்து, கட்டங்களைச் சேர்த்தால் போர்வை. இதற்காக நான் மூன்று டிசைன் புத்தகம் வாங்கினேன். எத்தனை கட்டம் தைத்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

புதுப்பட்டினத்தில் இருக்கும் என் தங்கை, கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் உண்டாகியிருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இந்த முறை மூன்று மாதம் தாண்டியதும் போன் செய்தாள்.

"அக்கா, கொழந்தைக்கு ஒரு குவில்ட் தைச்சுக் குடு. உன் கையால."

எங்கள் பக்கம் குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று ஒரு சட்டைகூட வாங்க மாட்டார்கள். பிறந்ததும் பழைய வேட்டியில்தான் சுற்றுவார்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான். இதையெல்லாம் நம்புகிற ஆளா நான்? செங்கல்பட்டில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். கிரகண நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகப் புளிசாதம் சாப்பிட்டு, ஸ்டாஃப் ரூமையே அலறவைத்தவள். அன்றைக்கே தைக்க ஆரம்பித்திருக்கலாம். ஆனால் எதையும் முறையாகச் செய்ய வேண்டாமா? முதலில் புத்தகம்.

மாமல்லபுரத்தில், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுச்செல்லும் புத்தகங்களை விற்கும் கடை ஒன்று உண்டு. முதல் புத்தகம் அங்கே கிடைத்தது. முழுக்க நட்சத்திரம். ஒரு நட்சத்திரத்துக்கு முப்பத்திரண்டு முக்கோணம். கண் போய்விடும் என்று மூடி வைத்தேன். அடுத்த மாதம் இரண்டாவது. அதில் பக்கத்துக்குப் பக்கம் பனிக்கரடி. மே மாத வெயிலில் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பனிக்கரடியா? மூன்றாவது என்ன மொழி என்றே தெரியவில்லை.

"அது ஜெர்மன் புக்கு, மேடம். இன்னாத்துக்கு வாங்கிகினு போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"படம் பாக்கறதுக்கு பாஷை எதுக்குங்க?" என்று அவர் வாயை அடைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அளவெல்லாம் சென்டிமீட்டர். என் டேப்பில் இன்ச்தான் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. ரொம்ப நல்லதாகப் போயிற்று. அளவை மாற்றி எழுதுவதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு, டாக்டரைப் பார்க்கச் செங்கல்பட்டு வந்த தங்கை என் வீட்டுக்கு வந்தாள். மேசைமேல் மூன்று புத்தகம், பிரிக்காத துணி, அட்டையிலிருந்து எடுக்காத கத்தரிக்கோல்.

"இன்னாக்கா, ஒரு துண்டுகூட வெட்டலியா?"

"டிசைன் இன்னும் சரியா அமையலடி."

"நீ பயப்படுற."

"யாரு, நானா?" என்று சத்தம் போட்டேன். சத்தம் போடுவது எனக்கு நன்றாக வரும். நான் முடிக்கும்வரை கண்ணாடி வளையல்களைத் தள்ளித் தள்ளிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் பயந்துகினுதான் கீறேன். எங்க வூட்டுக்காரரும் பயந்துகினு கீறாரு. மாமியார் கொழந்தன்னு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாங்க. நீ ஒருத்திதான் இதெல்லாம் நம்பாதவ. அதான் உன்னக் கேட்டேன். அது வரும்னு ஒரு ஆளாவது வேலை பாக்கட்டும்னு."

எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. நான் வெட்டிய துணிக்குச் சொந்தக்காரர் வராமல் போய்விட்டால், அது என் கத்தரிக்கோலால்தான் என்று ஆகிவிடுமே. அந்தப் பயத்தில்தான் நாலு மாதமாகப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கிரகணத்தன்று தின்ற புளிசாதமெல்லாம் வெறும் வீறாப்பு.

கத்தரிக்கோலை அட்டையிலிருந்து பிய்த்தெடுத்தேன். எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. வெறும் சதுரம். அவள் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அளக்காமல் வெட்டியதில் ஒன்றுகூட நேராக வரவில்லை. அப்படியே தைத்தேன்.

மே மாதக் கடைசியில், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன அன்றே போன் செய்தாள். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை.

"உன் பொண்ணு குவில்ட்ட முழுக்க நனைச்சுட்டா, அக்கா. இன்னொண்ணு தை."