பல்லேகமவில் பிடித்த சிங்கப்பூர் மீன்கள்

என் சலூனில் இருந்த மீன்களில் ஒன்றுகூடச் சிங்கப்பூர் மீன் அல்ல. அத்தனையும் பல்லேகம ஆற்று மீன்கள். ஊரையே ஏமாற்றினேன்.

சொல்லிவிட்டேன்! இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது. அந்த நாட்களில் மாத்தளை டவுனில் முடி வெட்டிக்கொண்டவர் என்றால், நீங்களும் என் தொட்டியின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பீர்கள். உங்கள் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டே நானும் கதை அளந்திருப்பேன்... கப்பல், துறைமுகம், தெரிந்த மாலுமி என்று.

ஆனால் ஒன்று. தொட்டியைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஐந்தடி நீளம், இரண்டடி உயரம்! கண்டியிலும் அப்படி ஒன்று அப்போது இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் காலரைத் தூக்கிவிடத் தோன்றுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவன் பெருமையடிக்கலாமா? கூடாதுதான். வருகிறதே, நான் என்ன செய்ய!

எல்லாம் பெருமாளால் வந்தது. எனக்கு எதிர்ச்சாரியில் அவன் ஒரு சலூனைத் திறந்து, உள்ளே ரேடியோ ஒன்றையும் வைத்தான். பாட்டுக் கேட்பதற்காகவே ஆட்கள் அங்கே தலையைக் கொடுத்தார்கள். முடியை எலி கடித்த மாதிரி வெட்டுவான். ஆனாலும் அவன் பெஞ்சில் இடமில்லை. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்குப் பல்வலி. கண்டியில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் சின்னதாக ஒரு மீன் தொட்டி. பல்லைப் பிடுங்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. மீனைப் பார்க்கிறவன் தலையை ஆட்டமாட்டான்! தலையை ஆட்டாத மனிதனைவிட ஒரு சலூன்காரனுக்கு வேறென்ன வேண்டும்? தொட்டியைப் பெஞ்சுக்குப் பின்னால் வைத்தால், நாற்காலியில் இருப்பவருக்கும் முன்னாலுள்ள நிலைக்கண்ணாடியில் மீன் தெரியும். ஒரு தொட்டி, இரண்டு தொட்டியாகும். இந்த யோசனை முழுக்க என்னுடையது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

யோசனை சரி; கண்ணாடிக்கு எங்கே போவது? வெளிநாட்டுச் சாமான் எதுவும் உள்ளே வராத காலம் அது. பிளேடுக்கே நாய்படாத பாடு. கண்டியில் கேட்ட விலைக்கு நான் கடையையே விற்றிருக்க வேண்டும். கலேவெலவுக்குப் போனேன், குருநாகலுக்குப் போனேன், கையை வீசிக்கொண்டு திரும்பினேன். கடைசியில் அலுவிகாரையில், காலடியில் கிடைத்தது. ஒரு துணிக்கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். முகப்பில் இருந்த பெரிய கண்ணாடி, மூலையில் மட்டும் உடைந்திருந்தது. முதலாளிக்கு மண்டையில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து ஆண்பிள்ளைகள்! மூன்று வருஷம் ஐந்து தலைக்கும் இலவசமாக வெட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். கண்ணாடி என்னுடையதாயிற்று. வண்டியில் ஏற்ற மனம் வரவில்லை. நாலு பேராகச் சேர்ந்து, சாக்கில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கி, டவுன் வரைக்கும் நடந்தே வந்தோம்.

சட்டத்துக்குப் பழைய இரும்புக் கட்டில். அடித்தளத்துக்குச் சீமெந்து. இணைப்புகளுக்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினேன். முதல் தடவை மூன்று இடத்தில் ஒழுகியது. இரண்டாவது தடவை ஓர் இடத்தில். மூன்றாவது தடவை... ஒரு சொட்டு இல்லை! நான் தனியாக நின்று கைதட்டினேன். சிரிக்காதீர்கள்.

பக்கத்து ஓடையில் நானே பிடித்துப் போட்ட மீன்கள் விடிவதற்குள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

இங்கேதான் திக்கிரி பண்டா வருகிறான். பல்லேகமக்காரன். சந்தை நாளில் மிளகும் எலுமிச்சங்காயும் கொண்டுவந்து விற்றுவிட்டு, என்னிடம் சவரம் செய்துகொண்டு பஸ் ஏறுவான். செத்த மீன்களைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னான்: "முதலாளி, இது நமக்குத் தெரிஞ்ச வேலையில்ல. எங்க வீட்டுக்காரிகிட்ட கேட்டு வாறேன்."

அவன் மனைவி சுது மெனிக்கே. தொட்டியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. புருஷனின் கையை விரித்து நீளம் கேட்டிருக்கிறாள். தண்ணீர் எவ்வளவு ஆழம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த சந்தைக்குப் பதில் வந்தது: சீமெந்தின் காரம் போகவில்லை, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடு, தண்ணீரை மூன்று தடவை மாற்று, பிறகுதான் மீன். செய்தேன். அதற்கடுத்த வாரம் பிஸ்கட் தகரத்தில் மீன்கள் வந்தன. கூடவே அவள் கட்டளைகளும்!

"முதுகுல நீளமா மயிரு மாதிரி வச்சிருக்கே, அந்தப் பெத்தியா மீன் பத்து. கல்லை நக்குற மீன் நாலு, அதுக கண்ணாடியில பாசி புடிக்க விடாது. இந்தச் செவப்பன் சண்டைக்காரன், இவனுக்குத் துணை வேணாம், ஒத்தையா வுடுங்க. ரெண்டு போட்டா மத்ததெல்லாம் காலி. அப்பிடித்தான் சொல்லச் சொன்னா" என்று பண்டா ஒப்பித்தான்.

அந்தச் சிவப்பனுக்கு ஒரு கண் இல்லை. ஒரு வருஷமாக வீட்டு முற்றத்தில் மண்பானையில் வைத்து, விரல் நுனியில் சோறு ஊட்டி வளர்த்தாளாம். "பெரிய கண்ணாடி வீட்டுல இருக்கட்டும்" என்று அவனையும் கொடுத்தனுப்பிவிட்டாள்.

விட்டேன். ஐயோ, அந்த அழகை எப்படிச் சொல்வேன்! கறுப்புத் திட்டுப் போட்ட மீன்கள், முதுகு மயிர் அலைய அலைய ஒன்றாகத் திரும்பின. முடிவெட்டுகிறவன் தொட்டிக்கு நீள முடி மீன்! எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும், எத்தனை போதும் என்று அந்தப் பெண் பார்த்திருந்த கணக்கில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

முதல் நாளே பெருமாள் தெருவைத் தாண்டி வந்தான். இடுப்பில் கை. என் கடை நிறைய ஆட்கள்.

"என்னங்கண்ணே, ஆத்து மீனப் புடிச்சுக் கண்ணாடிக்குள்ள போட்டுட்டுக் கண்காட்சியா? நாலு கொச்சிக்காய கிள்ளிப் போட்டா ஒரு கொழம்புக்குக் காணாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. அத்தனை பாடுபட்ட தொட்டியைக் குழம்புச் சட்டியாக்கிவிட்டானே! அப்போது இரும்புக்கடைக் காசிம் நானா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்டார்: "சும்மா இரு பெருமாள். ஆத்துல இப்பிடி மயிரு வச்ச மீன் எங்க ஈக்கிது? செல்லையா, இது சிங்கப்பூர் மீன்தானே?"

நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை. ஆனால் அந்த ஓர் ஆட்டலுக்குப் பிறகு என் பெஞ்சில் இடமில்லை. ரத்தோட்டையிலிருந்தும் உக்குவெலவிலிருந்தும் வந்தார்கள். துறைமுகத்தைத் தாண்டி எதுவும் வராத நாளில் சிங்கப்பூர் மீன் வந்திருக்கிறதாம்! "எப்பிடிக் கொண்டாந்தீங்க?" என்று குசுகுசுத்தார்கள். நான் கண்ணடித்துவிட்டு மாலுமிக் கதையை ஆரம்பித்தேன். பெருமாளே ஒரு நாள் வந்து, கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றான். அந்தக் கால் மணி நேரம் என் வாழ்க்கையிலேயே இனிப்பானது. மறைக்கவில்லை.

பண்டா தொடர்ந்து வந்தான். மீன் கொண்டுவரும் நாட்களில் பின்கதவால் வரச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

பிறகு ஒரு சந்தை நாள். முன்கதவால் வந்தான், மனைவியோடு! வெளுத்த சேலை, எண்ணெய் தடவி வாரிய கூந்தல். தொட்டியைப் பார்ப்பதற்கென்றே அத்தனை மலையும் ஏறி இறங்கும் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஆண்கள் கடை என்பதால் வாசலிலேயே தயங்கி நின்றாள். பண்டா நாற்காலியில் உட்கார்ந்தான். நான் நுரை போட்டு, ஒரு கன்னத்தை வழித்து முடித்திருந்தேன்.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. நேரே தொட்டியிடம் போனாள்.

"அப்பே மாளு!" என்று கத்தினாள். எங்கள் மீன்! "அந்தா, என் ஒத்தக் கண்ணன்!"

காசிம் நானா திரும்பி என்னைப் பார்த்தார். பெஞ்சிலிருந்த ஐந்தாறு பேரும் பார்த்தார்கள். நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்? இப்போதும் அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது.

"இது சிங்கப்பூர் மீனம்மா" என்று சிங்களத்தில் சொன்னேன். "ஒங்க ஆத்துல இதெல்லாம் எங்க?"

அவள் நம்பவில்லை. சுட்டுவிரலைத் தண்ணீரில் விட்டாள். ஒற்றைக் கண்ணன் கல்லிடுக்கிலிருந்து நேரே வந்து விரல் நுனியைக் கவ்வினான். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை! என்னுடையதைவிடப் பெரிய பெருமை. எல்லோரையும் பார்த்தாள், பார்த்தீர்களா என்று.

"விரல விட்டா எந்த மீனும் வரும்" என்றேன். "கைய எடும்மா, தண்ணி அழுக்காகும்."

அழுக்காகுமாம்! அந்தத் தண்ணீரில் மீன் உயிர் வாழ வழி சொன்னவளின் கை அது.

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். நான் நிலைக்கண்ணாடியில் பண்டாவைப் பார்த்தேன். அவன் அதற்கு முன்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். என் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் அவன் துவாயை எடுத்து நுரையைத் துடைத்தான், எழுந்தான். "யமு" என்று அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். ஒரு கன்னம் வழித்து, ஒரு கன்னம் வழிக்காமல்... என் நாற்காலியிலிருந்து அப்படி எழுந்துபோனவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த மாதம்தான் என் பிரஜாவுரிமை விண்ணப்பம் விசாரணைக்கு வந்திருந்தது. இந்த மண்ணில் பிறந்தவன், வேறு ஊர் அறியாதவன் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். எனக்கு மட்டும் மாத்தளை வேண்டும்! இங்கேயே பிறந்த மீனுக்குச் சிங்கப்பூரா? அதிகாரியின் முன்னால் நின்றபோது இந்த நினைப்பு வந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு சமாளித்துவிட்டேன். நான் எதையும் சமாளிப்பேன்.

இரண்டு மாதம் பண்டா வரவில்லை. நீள முடி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மனச்சாட்சி உறுத்திப் போனேன் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். மீனுக்காகத்தான் பல்லேகமவுக்குப் பஸ் ஏறினேன். ஆனால் பாதி வழியில் மனசு மாறியது. உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று முடிவுசெய்தேன். சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் கோத்துக் கோத்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பண்டா முற்றத்து ஓரத்தில் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். தாடி விட்டிருந்தான். என்னைப் பார்த்தான், திரும்பவும் செதுக்கினான்.

அவள்தான் ஓடிவந்தாள். பாய் விரித்தாள். தேயிலைச் சாயத் தண்ணீரும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கையைக் கூப்பினாள்.

"சமாவென்ன முதலாளி, என்ன மன்னிச்சிருங்க. பெரிய மனுசங்களுக்கு முன்னால ஒங்கள அவமானப்படுத்திட்டேன். பஸ்ஸுல வரக்குள்ளதான் இவரு சொன்னாரு. நான் குடுத்தனுப்பின மீனெல்லாம் அப்பவே செத்துப் போச்சாமே? மனசு கஷ்டப்படும்னு நீங்க சொல்லாம இருந்தீங்களாம். அதுக்கப்புறம்தான் செலவழிச்சு சிங்கப்பூர் மீன் வாங்கினீங்களாமே? எனக்குத் தெரியாமப் போச்சு. ஒலகத்துல ஒத்தக் கண்ணு மீன் ஒண்ணுதானா இருக்கும்? எனக்கு மீனப் பத்தித் தெரியும்னு ஒரு திமிரு, முதலாளி. இப்ப நான் மீனே புடிக்கிறதில்ல."

செதுக்கும் சத்தம் நின்றுவிட்டது. பண்டா என்னைப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான். நாம் நம்பிய ஒருவன் உன்னை நாலு பேர் முன்னால் பொய்க்காரியாக்கினான் என்று அவளிடம் சொல்வதைவிட, உன் மீன் செத்துவிட்டது என்று சொல்வது மேல் என்று நினைத்திருக்கிறான். அந்த நேரத்தில் அவளுடைய ஒற்றைக் கண்ணன் என் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தான். ஒரு வாக்கியம் போதும். உதட்டிலேயே தயாராக இருந்தது. சொன்னால் அவள் பெருமை அவளுக்குத் திரும்பிவிடும்... என்னுடையது போய்விடும்.

"பரவாயில்ல மெனிக்கே" என்றேன். "தெரியாமத்தானே செஞ்ச. நான் மனசுல வச்சுக்கல்ல."

மன்னித்தேன்! கேட்டீர்களா? நான், அவளை, மன்னித்தேன்!

அவள் முகம் தெளிந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெரிய பாரம் இறங்கினவள் போலச் சிரித்தாள். கொல்லைக்குப் போய் நல்ல பழமாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து, ஒரு பை நிறைய எலுமிச்சை கொண்டுவந்து நீட்டினாள். நான் அதையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.