மூன்றாவது ஓலை

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் என் தங்கை புருஷன் ஐஸ் உடைக்கிற கட்டையால் ஒருவனின் வலது கையை உடைத்தான். முந்தின நாள் மதியம் தங்கை வீட்டில் சுறாப்புட்டைத் தின்றுகொண்டே, "அவன ரெண்டு தட்டு தட்டு மச்சான், தன்னால வழிக்கு வருவான்" என்று சொன்னவன் நான். என் வாய் அப்படி. சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் திரும்பமாட்டேன். அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

அடி வாங்கியவன் துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிறவன். அவனுக்கும் தங்கை மகளுக்கும் மூன்று வருடப் பழக்கம். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"பெத்துக்கறோம். கல்யாணம் அப்புறம், நிதானமா" என்று அவள் சொன்ன அன்று மச்சான் விட்ட அறையில் கம்மல் காதைக் கிழித்தது. மறுநாளே இரண்டு பேரையும் சாமியார் முன்னால் உட்காரவைத்துக் கையெழுத்துப் போடவைத்தான். எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. அப்புறம்தான் பையன் போன் பண்ணி, தள்ளிவைக்கலாமா என்று கேட்டான். அதற்குத்தான் என் ஜோக்.

துறைமுகத்துக்கு நானும் போனேன், சமாதானம் பேச.

"நாளன்னைக்கு மூணாவது ஓல. இப்ப தள்ளிவைன்னா என்னடா அர்த்தம்?" என்றான் மச்சான்.

"கட்டிக்கமாட்டேன்னு சொல்லல மாமா. கொழந்த பொறக்கட்டும், அவ ஒடம்பு தேறட்டும். அவளும் அதான் சொல்றா."

"எவன்டா ஒனக்கு மாமா?"

கட்டை இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். பையன் ஐஸ் குவியலில் விழுந்தான். அடுத்த அடி தோளில், அதற்கடுத்தது நெற்றியில். ஐஸ் சிவந்து உருகி ஓடியது. மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கத்தினாள்: "யோவ், மாப்ளைக்கி மால போடுவியா, மண்டைய ஒடைப்பியா?"

நான் குறுக்கே பாய்ந்து தடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் மீன் செதிலில் வழுக்கி மச்சான் காலடியில் விழுந்தேன். அவன் விட்ட உதை பையனுக்கானதா எனக்கானதா தெரியாது. போன பல் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் பையன், ஐஸில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். மச்சான் முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பூசை முடிந்ததும் தங்கை மகள் என் கையைப் பிடித்தாள்.

"வா மாமா."

நேராகச் சாமியார் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தடை தெரிஞ்சா சொல்லணும்னு வாசிச்சீங்க சாமி. சொல்ல வந்திருக்கேன்."

"யார் கல்யாணத்துக்கும்மா?"

"எங்கல்யாணத்துக்குத்தான். அடிச்சு கட்டிவெக்கறாங்க. நான் சொன்னா கோவத்துல சொல்றன்னுவீங்க. மாமா பாத்தாரு."

சாமியார் என்னைப் பார்த்தார். வழக்கம்போல வாய் ஒரு ஜோக்கைத் தேடியது. நாக்கு போய்ப் பல் இருந்த ஓட்டையில் நின்றது.

"அடிச்சது எம்மச்சான் சாமி. அடிக்கச் சொன்னது நான்."

அவர் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, நோட்டை மூடினார். "ரெண்டு பேரும் மனசார வந்து கேக்கறவரைக்கும் கல்யாணம் கெடையாது."

வெளியே மச்சான் காத்திருந்தான். "காட்டிக் குடுத்துட்டியே மச்சான்!" என்று விட்ட குத்தில் என் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இரண்டாவது குத்துக்கு ஓங்கியபோது நடுவில் அவள் வயிற்றோடு வந்து நின்றாள்.

"அடிப்பா. உள்ள இருக்கறதுக்கும் ஒரு எலும்பு ஒடையட்டும்."

ஓங்கிய கை திசை மாறியது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரின் கண்ணாடியை நொறுக்கியது. ஸ்கூட்டரும் என்னுடையதுதான்.

பெண் குழந்தை பிறந்தது. அது தவழத் தொடங்கின பிறகு இரண்டு பேரும் தாங்களாகவே சாமியாரிடம் போனார்கள். முதல் ஓலையிலிருந்து மறுபடி வாசித்தார்கள்.

கல்யாணத்தன்று பையனின் வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. தாலியில் முதல் முடிச்சே நழுவிக்கொண்டிருந்தது. கோவில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பேத்தியை மடியில் வைத்திருந்த மச்சான் தரையைப் பார்த்தான். தங்கை மகள் கூந்தலை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிக் குனிந்து கொடுத்தாள்.

"அவசரமில்ல. நிதானமா கட்டு."

கல்யாணம் முதலில், குழந்தை பிறகு என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த இடத்துக்கு அருமையான ஜோக் ஒன்றும் நாக்கு நுனியில் இருந்தது. பல் ஓட்டையை நாக்கால் தடவிக்கொண்டு சும்மா நின்றேன்.