ஹார்லன் ப்ரூயிட் வாங்காத கையெழுத்து

மேற்கு ஓக்லஹோமாவில் எந்த ஊரிலாவது ஒரு பையன் பந்தை வேகமாக வீசுகிறான் என்று பேச்சு கிளம்பினால், அடுத்த வாரம் ஹார்லன் ப்ரூயிட்டின் பழுப்பு வேன் அந்த மைதானத்தில் நிற்கும். வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி, கையில் வேகம் அளக்கும் கருவி, வாயில் சூரியகாந்தி விதை. பெரிய பேஸ்பால் அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவர் வேலை. இளமையில் அவரும் ஆடியவர்தான். முட்டி இரண்டும் போனபிறகு இந்த வேலைக்கு வந்தார்.

பார்க்க மிடுக்கான ஆள். ஆனால் அவரளவுக்குப் பயந்த மனிதரை நான் கண்டதில்லை. போன் அடித்தால், சட்டைப் பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து மென்றபிறகுதான் பேசுவார்.

காரணம் இருந்தது. ஜூலையில் அணிகள் முறைவைத்துப் பையன்களின் பெயரைச் சொல்லி எடுக்கும். பெயர் சொன்னதாலேயே பையன் அவர்களுக்கு ஆகிவிட மாட்டான். கெடு முடிவதற்குள் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அவன் கல்லூரி அணிக்கு ஆடப் போய்விடுவான், அணிக்கு அந்த முறை வீண். முந்தின வருடம், கையெழுத்துப் போடுவான் என்று ஹார்லன் சத்தியம் செய்து சொன்ன பையன் கடைசி நாளில் கல்லூரிக்குப் போய்விட்டான். "இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா வேனைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடு" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

இந்த வருடம் அவர் சொல்லி அணி எடுத்த பையன் என் தம்பி கோல்ட்டர். ஒரு கல்லூரியும் அவனுக்குத் தன் அணியில் இடம் வைத்திருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்த மே மாதம்தான் வாங்கியிருந்தேன். அதனால் ஹார்லன் வந்த அன்று அணியின் ஒப்பந்தத் தாள்களை வரிவிடாமல் படிக்கும் பொறுப்பு எனக்கு. சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம்.

"என்ன பட்டதாரி, ஏதாவது புரியுதா, இல்ல எங்களை மாதிரிதானா?" என்றான் கோல்ட்டர்.

"உன்னை வித்தா திருப்பி எடுத்துக்க மாட்டோம்னு போட்டிருக்கு" என்றேன்.

அம்மா சிரித்தாள். தொகை பேசி முடிந்திருந்தது. வியாழக்கிழமை நகரத்தில் மருத்துவர் கையை ஸ்கேன் எடுப்பார், அதன்பின் கையெழுத்து. ஹார்லனும் அன்றைக்குக் கொஞ்சம் இளகியிருந்தார். கூடையிலிருந்து ஒரு பீச் பழத்தை எடுத்துக் கோல்ட்டரிடம் வீசினார். அவன் இடது கையில் பிடித்தான்.

"திருப்பிப் போடு தம்பி."

என் தம்பி வலது கையால் வீசுகிறவன். அவன் எழுந்து, மேசையைச் சுற்றி நடந்துவந்து, பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"அம்மா வீட்டுக்குள்ள எதையும் வீசக்கூடாதுன்னுவாங்க" என்றான்.

அம்மா அப்படிச் சொன்னதே கிடையாது. ஹார்லன் பழத்தைக் கீழே வைக்காமல் அவனையே பார்த்தார். ஒரு மாதமாக அவன் குளிர்ப்பெட்டியை இடது கையால் திறப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதெல்லாம் தெரியாமல் அம்மா போனை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கோதுமை அறுவடைக்கு ஒரு இயந்திரக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டால், காத்திருக்கும் மற்றவரை அன்றைக்கே கூப்பிட்டு "நீங்க வேற இடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிடுவோம். வாக்கு ஒரு பக்கமும் ஆசைகாட்டுவது இன்னொரு பக்கமும் வைத்திருப்பது எங்களுக்கு அசிங்கம்.

"கல்லூரி கோச்சுக்குச் சொல்லிடறேன். பாவம், அந்த இடத்துக்கு வேற ஒரு பையன் காத்துட்டிருப்பான்" என்றாள்.

அதே நேரம் ஹார்லனின் போன் அடித்தது. மாத்திரையை மென்றார். மேலாளரின் குரல் எங்களுக்கே கேட்டது.

"கல்லூரிக்கு வேண்டாம்னு சொல்லிட்டாங்களா? ஸ்கேனுக்கு முன்னாடி சொல்ல வெச்சுடு."

"பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லி ஹார்லன் வைத்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. அம்மா எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் விரலையே அவர் பார்த்தார். தெருநாயைப் பார்க்கும் குழந்தையின் முகம் அது.

"லோர்னாம்மா, போனை வையுங்க."

"ஏன்?"

"வியாழக்கிழமை வரைக்கும் வையுங்க. ஸ்கேன்ல ஏதாவது வந்தா இவங்க தொகையைக் குறைப்பாங்க. கல்லூரியும் இல்லேன்னா, கொடுக்கிறதை வாங்கிட்டு நீங்க கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"ஸ்கேன்ல என்ன வரப்போகுது?"

அம்மா கோல்ட்டரைப் பார்த்தாள். அவன் வலது முழங்கையை மேசைக்கடியில் இறக்கினான். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை ஸ்கேன் முழங்கையில் கிழிந்த தசைநாரைக் காட்டியது. அணி நீட்டிய புதுத் தொகை அறுவை சிகிச்சைக்கும் காணாது. கல்லூரியோ, கை ஆறும்வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னது. அம்மா அணிக்கு வேண்டாம் என்றாள்.

கெடு முடிந்த மாலை ஹார்லன் தாள்களைத் திரும்ப வாங்க வந்தார். வாங்கும்போதே போன்.

"கல்லூரி இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கச் சொன்னது யாரு?" என்றார் மேலாளர்.

'அவங்களா வெச்சுக்கிட்டாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாங்களும் ஆமாம் என்றிருப்போம். அவர் மாத்திரைக்காகப் பையைத் துழாவினார். காலி.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

அதன்பின் மேலாளர் தணிந்த குரலில் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஹார்லன் இரண்டு முறை "சரி" என்றார். போனை வைத்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். பாதி அவர் சட்டையில் கொட்டியது.

"இன்னும் பயமா இருக்கா?" என்றான் கோல்ட்டர்.

"இருக்குடா. இனிமே வீட்ல என் பொண்டாட்டி ஜெனீவாகிட்ட சொல்லணுமே."

வேனுக்கு நடந்தார். உள்ளே உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருகவே இல்லை. வேன் அணியுடையது; அதில் அவருடையது என்று மடக்கு நாற்காலி ஒன்றுதான். பின்பு இறங்கி, அதை எடுத்து எங்கள் வேலியோரம் சாத்தி வைத்தார்.

"நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன். வேனை விட்டுட்டு வர்றப்போ யாராவது என்னைக் கூட்டிட்டு வரணும்" என்றார்.

"நான் வர்றேன்" என்றேன்.