அண்ணியின் நைலான் நூல்

விமானத்திலிருந்து குதிக்கிறவனுக்குக் கேமரா தேர்ந்தெடுத்துக் கொடுப்பது யார் வேலை? கேமராக் கடை வைத்திருக்கும் தம்பியான என் வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அது அண்ணியின் வேலை. அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவர். மாடியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பார்.

அண்ணனுக்கு வானத்தில் உத்தியோகம். முதல்முறை குதிக்க வருகிறவர்களைப் பயிற்சியாளர் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். இவன் அவர்களுக்கு எதிரில் தானும் விழுந்துகொண்டே, ஹெல்மெட்டில் பொருத்திய கேமராவால் அவர்கள் முகத்தைப் படம் பிடிப்பான். வாய் பிளந்திருக்கும், கன்னம் காற்றில் படபடவென்று ஆடும். அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள்.

அவனுக்கென்று என் கடையிலிருந்த உயர்ந்த ரகக் கேமராவை ஒரு தடவை கொண்டுபோனேன். அண்ணி அதை வாங்கிச் சமையலறைத் தராசில் வைத்தார்.

"பாராசூட் விரியறப்ப கழுத்தை வெடுக்குன்னு இழுக்கும் தம்பி. இவ்வளவு கனமா?"

"இதுல படம் எப்படி வரும் தெரியுமா அண்ணி?"

"கழுத்து எப்படி வரும் தெரியுமா?"

கேமரா அன்றே கடைக்குத் திரும்பியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இருபது வருஷம் கடை நடத்துகிறவனுக்குக் கண்ணாடி துடைக்கிறவர் பாடம் எடுப்பதா? ஆனாலும் அவர் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லத்தான் வேண்டும். என் கடையிலிருந்தேதான் எடுப்பார், ஆனால் கேமரா சின்னதாக இருக்க வேண்டும், முனைகள் உருண்டிருக்க வேண்டும், எதுவும் வெளியே துருத்தக் கூடாது. ஹெல்மெட்டில் பொருத்திய பிறகு ஒரு நைலான் நூலை எடுத்து, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு இடுக்கின்மேலும் ஓட்டுவார். எங்கே நூல் தடுக்கிறதோ அங்கே அரம் போடுவார். பாராசூட்டின் கயிறுகள் விரியும்போது தலைக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போகும். ஒன்று மாட்டினாலும் குடை சரியாக விரியாது.

"நூல் வழுக்கணும். வழுக்கலன்னா அது கேமரா இல்ல தம்பி, தூண்டில்" என்பார்.

அதோடு விடவில்லை. ஒரே கையால் இழுத்தால் கழன்று விழுகிற தாடைப் பட்டியாகத் தேடிப் பிடித்தார். அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டிவி பார்க்க வேண்டும், சமையலறையிலிருந்து அண்ணி திடீரென்று "மாட்டிக்கிச்சு!" என்று கத்துவார், அவன் பட்டியை இழுக்க, ஹெல்மெட் மெத்தையில் விழும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மைதானத்தில் இருந்தோம். அண்ணி டீ வாங்கப் போயிருந்தார். அண்ணன் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டி, "கேமரா கொஞ்சம் கீழ பாக்குதுடா, நிமித்திக் குடு" என்றான். அண்ணி போட்டிருந்தது தட்டையான திருகாணி. அதைத் திருப்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டும். என் பையிலோ விரலாலேயே திருகுகிற ஸ்க்ரூ ஒன்று இருந்தது. தலை வெளியே நிற்கும், ஆனால் கொண்டைக்கடலை அளவுதான். பழையதைச் சட்டைப் பையிலிருந்த நாணயத்தால் நெம்பித் திருகிக் கழற்றிவிட்டு இதைப் போட்டேன். விமானம் உறுமிக்கொண்டிருந்தது. நூல் ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. இத்தனை சின்னதற்கு அண்ணியிடம் போய் நிற்பதா என்று ஒரு வீம்பு. ஹெல்மெட்டை அப்படியே அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன்.

அண்ணி தன் கண்ணாடிக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த பைனாகுலரால் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே புள்ளிகள் தெரிந்தன. பயிற்சியாளரின் பாராசூட் விரிந்தது. இன்னும் கொஞ்சம் கீழே அண்ணனுடையது விரிந்தது. விரிந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழல ஆரம்பித்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் போட்ட ஸ்க்ரூவில் கயிறு மாட்டியிருக்கிறது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. அதிலிருந்து கருப்பாக உருண்டையாக எதுவோ கழன்று விழுந்தது.

"ஐயோ, தலை!" என்று யாரோ அலறினார்கள். மைதானமே அலறியது.

அண்ணி பைனாகுலரைக் கீழே இறக்கினார். "அப்பாடா, கழட்டிட்டாரு" என்றார்.

புருஷன் தலையிலிருந்தது வானத்திலிருந்து விழுவதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்ட ஒரே பெண்ணை நான் அன்று பார்த்தேன். தரையை விட்டு ஓரடி எழும்பாதவர், அந்த உயரத்தில் நடந்ததை எங்கள் எல்லோருக்கும் முன்னால் படித்துவிட்டார். மாட்டியிருந்த கயிறு விடுபட்டு மேலே குடை நிமிர்ந்தது. எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அண்ணன் வெறும் தலையோடு நடந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது, சிரிக்கப் பார்த்தான். ஹெல்மெட்டைப் புல்லில் தேடி எடுத்து வந்தார்கள். கேமரா சுக்குநூறு. ஸ்க்ரூ மட்டும் அப்படியே துருத்திக்கொண்டிருந்தது. அண்ணி அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நான் போட்டதில்லையே. யாரு போட்டது?"

"நான்தான்" என்றான் அண்ணன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "எனக்குத் தெரியாம ஒண்ணு போட்டவர் நாளைக்கு இன்னொண்ணும் போடுவீங்க. போதும். இனிமே கேமரா வேணாம், குதிக்கவும் வேணாம்."

அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் அந்த வானத்தைத் தவிர வேறெதையும் ஆசைப்படாதவன், என் மானத்துக்காக அதையும் விட்டுக்கொடுத்துத் தலையாட்டினான். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். என்னால் முடியவில்லை.

"அண்ணி, அவன் போடல. நான் போட்டேன். நூல் ஓட்டிப் பாக்கணும்னு தெரிஞ்சும் பாக்கல."

அண்ணி என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது. ஹெல்மெட்டை அண்ணனிடம் கொடுத்தார்.

"அப்படின்னா நீங்க குதிங்க" என்றார் அவனிடம். "கடைக்காரரை மாத்திக்கலாம்."

இரண்டு வருஷமாகிறது. அண்ணன் வாரம் தவறாமல் குதிக்கிறான். அண்ணி எனக்கு எப்போதும்போல் சோறு போடுகிறார், கிண்டல் செய்கிறார், தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் ஊருக்கெல்லாம் கேமரா விற்கிற என் கடையிலிருந்து, லென்ஸ் துடைக்கிற துணிகூட அந்த வீட்டுக்குள் போனதில்லை. நியாயம்தான்.