மாமா தோட்டத்துக் கத்தரிக்காய்

மதுரையை ஒட்டிய கோச்சடைக்கு நாங்கள் குடிவந்த புதிதில் அம்மா ஒருநாள் கத்தரிக்காயைப் பார்த்து அழுதாள். அடுப்புப் புகையால் வந்த கண்ணீர் என்றுதான் எங்களிடம் சொன்னாள். ஆனால் அன்று அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை. அரிவாள்மனைக்கு முன்னால் நறுக்கிப் போட்ட காய்களில் பாதி சொத்தையாகவும் மீதி விதை முற்றியதாகவும் கிடந்தன.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள் அம்மா. அப்பாவுக்கு மதுரையில் மில் வேலை கிடைத்ததால்தான் நாங்கள் இங்கே வந்தோம். அதுவரை காய் என்பது கடையில் வாங்கும் பொருள் என்று அவள் நினைத்ததில்லை. கோச்சடையில் எங்கள் தெருவைச் சுற்றி நெல்லும் வாழையும்தான் விளைந்தன. காய் தள்ளுவண்டியில் வரும். அந்த வண்டி டவுனில் பல தெருக்களைச் சுற்றி, நல்லதையெல்லாம் விற்றுவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் எங்கள் தெருவுக்குள் நுழையும். அம்மா ஊர் வழக்கப்படி வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்ப்பாள்.

“ஏம்மா, ஒடிச்சுப் போட இது என்ன ஒங்க கொல்லையா? நீங்க ஒடிச்சத வேற யாரு தலையில கட்டுறது?” என்று வண்டிக்காரர் தெருவே கேட்கும்படி கத்துவார். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

இந்தச் செய்தி எப்படியோ ஊரிலிருந்த என் தாய்மாமாவின் காதுக்குப் போனது. அவர் அம்மாவின் அண்ணன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே யூரியா சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். “நான் உசிரோட இருக்கையில ஏந் தங்கச்சி வண்டிக்காரன்கிட்டப் பேச்சு வாங்குறதா?” என்று கேட்டபடி சாக்கை முற்றத்தில் கவிழ்த்தார். கத்தரிக்காய், வெண்டைக்காய், புடலங்காய் என்று உருண்டன. காய்களுக்கு நடுவே பச்சை இலைகளும் கிடந்தன. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் சாக்கு வந்தது.

எங்கள் வீட்டுக்கு அது அதிகம். ஆகவே அம்மா தட்டுத் தட்டாக எடுத்துவைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள். தட்டைச் சுமக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, “எங்க மாமா தோட்டத்துக் காய். இன்னைக்குக் காலையில பறிச்சது” என்று சொல்ல வேண்டும். எனக்கு யாரிடமும் நிமிர்ந்து பேச வராது. ஆனாலும் அந்த வாக்கியத்தை மட்டும் நன்றாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். வண்டிக்காரரிடம் பேச்சு வாங்கியவளின் மகள் என்ற நிலைமை மாறி, தோட்டக்காரரின் மருமகள் ஆகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேன். சொல்லும்போதெல்லாம் அது கொஞ்சம் பெரிதாகிக்கொண்டும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அத்தை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். அன்று அவள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாழை இலையும் பூவும் வாங்க வேண்டும், வயர் கூடையைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். காய்கறி மார்க்கெட்டின் நெரிசலுக்குள் அவள் முந்தானையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பழக்கமான ஒரு குரல் கேட்டது.

ஒரு கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் என் மாமா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே யூரியா சாக்கு. ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, காய் வாங்க வந்தீகளா, பொண்ணு பாக்க வந்தீகளா? இப்பிடித் தடவுறீக!” என்றாள் கடைக்கார அம்மா.

“கோவிச்சுக்கிறாத தாயி. தங்கச்சி வீட்டுக்குக் கொண்டு போறேன். பறிச்ச மாதிரி இருக்கணும்ல.”

சாக்கு நிறைந்ததும் அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். தரையில் உதிர்ந்து கிடந்த இலைகளை இரண்டு கையாலும் அள்ளினார். அவற்றை உதறி, வாடாததாகப் பொறுக்கி, சாக்குக்குள் தூவிவிட்டு வாயைக் கட்டினார். அவர் எங்களைப் பார்க்கவில்லை.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை வாசலில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன்! அத்தை என்ன நினைத்தாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அடியே, ஒங்க மாமன் தோட்டம் இங்கனதேன் இருக்கா? தெரிஞ்சிருந்தா நானே நடந்து வந்து பறிச்சிருப்பேனே!”

வீடு வந்து சேரும்வரை இலைக்கட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வந்த பிறகும் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. பாவம், அண்ணன் இப்படி ஏமாற்றுவது தெரியாமல் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாளே என்று அவளுக்காகவும் சேர்த்து நானே வெட்கப்பட்டேன்.

மதியம் மாமா வந்தார். “மருமகளே, தண்ணி கொண்டா” என்றார். நான் செம்பை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அவர் சாக்கைக் கவிழ்த்து, “பனி காயுமுன்னப் பறிச்சேன் ஆத்தா” என்றார். “எம்புட்டுப் பிஞ்சு!” என்று அம்மா அதிசயப்பட்டாள். அவர்கள் இருவரையும் பார்க்கப் பிடிக்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பயந்தபடியே எதிர்வீட்டு அத்தை வந்தாள். வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். கையில் பாயசக் கிண்ணம். அத்தை கெட்டவள் இல்லை. அன்று அவளுக்குச் சந்தோஷம் அதிகம், அவ்வளவுதான்.

“ஏண்ணே,” என்றாள் மாமாவைப் பார்த்து, “ஒங்க தோட்டத்துக்கு எந்த டவுன் பஸ்ஸுல ஏறணும்? நானும் எம் மகளும் ஒரு நா வாரோம். காலையிலகூட நானும் இவளும் வந்தோம், நீங்கதேன் பாக்கல.”

மாமாவின் கை செம்போடு அப்படியே நின்றது. தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்று இருந்தது. அம்மா இப்போது அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா அழவில்லை, அதிர்ந்துபோகவும் இல்லை. காய்களைக் கூட்டி வைத்தபடியே, “எந்த மண்ணுல காய்ச்சா என்னக்கா? எங்கண்ணன் தோள்ல ஏறி வந்துச்சுன்னா அது எங்க தோட்டத்துக் காய்தேன்” என்றாள்.

அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. “நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி” என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

ஆனால் மாமாவின் பார்வை அத்தையின் பின்னால் போகவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒனக்கு முன்னமே தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அம்மா கத்தரிக்காய்களுக்கு நடுவே கிடந்த அவரை இலைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் செடியின் இலை என்று பார்க்க மாமாவுக்கு மார்க்கெட்டில் நேரம் இருந்திருக்காது. காடு கழனியில் வளர்ந்த அம்மாவுக்கு அது முதல் சாக்கிலேயே தெரிந்திருக்கும்.

மாமா சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வைக்க வந்தபோது இலையின் மேல் கையை நீட்டித் தடுத்தார். காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “வாரேன் ஆத்தா” என்று கிளம்பிவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உசிலம்பட்டிப் பக்கம் மழையே இல்லை, மாமாவின் கிணறு வற்றி மாசக்கணக்காகிறது, மில்லில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றார். அம்மா தனக்கும் தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு பொய் சொல்லப் போக வேண்டாம், எதிர்வீட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நடக்க வேண்டாம். அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் அப்பாவோடு வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, காப்பி கொடுத்து, “அண்ணனக் கைய வீசிக்கிட்டுச் சும்மா வரச் சொல்லுங்க. ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போகச் சொல்லுங்க” என்று சொல்லியனுப்பினாள். அவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, “மழ பேயட்டும், வாரேன்னாரும்மா” என்றார். அம்மா திரும்பவும் சொல்லியனுப்பினாள். அதே பதில்தான் வந்தது.

நான் அவர் மேல் கோபப்பட்டேன். அம்மா இவ்வளவு கெஞ்சுகிறாளே, வந்தால்தான் என்ன? இப்போது தோளில் சுமைகூடக் கிடையாதே. இரண்டு பஸ் ஏறி வெறும் கையோடு தங்கை வீட்டுக்கு வருவதில் ஒரு மனிதருக்கு அப்படி என்ன கஷ்டம் இருந்துவிட முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை.