யார் சொன்னது?

கிர்கிஸ் நாட்டு நாரின் ஊரில் சாய்ரகுல் அக்காவிடம் சரித்திர டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் புத்தகம் கிடையாது. ஒரு தாளில் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரை எழுத வேண்டும். கிர்கிஸ் பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தெரியாதவனை அடிமைப் பயல் என்று ஊர் ஏசும். பக்கத்தில் அவரவர் காலத்தில் நாட்டில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் திணறுவார்கள்: 'யார் சொன்னது?'

பள்ளிக்கூடத்தில் சாய்ரகுலின் வேலைக்கு உலை வைத்ததும் இந்தக் கேள்விதான். பத்தொன்பது வருடம் பாடம் நடத்தியவள். இன்ஸ்பெக்டர் வந்த அன்று ஒரு மாணவி எழுந்து, பாடப் புத்தகத்துக்கு இதை யார் சொன்னது என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியை விடு, இல்லை வேலையை விடு என்றார் தலைமையாசிரியர். வேலையை விட்டாள். பிடிவாதத்துக்குக் குறைச்சலில்லை.

புதிதாகச் சேர்ந்த பெகிமாய், சாய்ரகுலின் மகன் எமிலுக்கு நிச்சயித்த பெண்ணின் தங்கை. பெண்ணுக்கு நிச்சயத் தோடு போட்டாகிவிட்டது; சனிக்கிழமை கல்யாணம். ஏழு தலைமுறைக்குள் ஒரே ரத்தம் என்றால் கல்யாணம் கூடாது. பெரியவர்கள் இரண்டு வரிசையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கை நனைத்தார்கள்.

பெகிமாய் தாளை நீட்டினாள். நான்காவது பெயர் ஜன்தாய். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் போதோபாய் என்று எழுதியிருந்தாள்.

சாய்ரகுல் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். எமிலின் வரிசையிலும் நான்காவது போதோபாய்தான்.

"ஏண்டி அடிச்சே?"

"நீங்கதானேக்கா யார் சொன்னதுன்னு கேக்கச் சொன்னீங்க? அப்பாவோட அத்தைகிட்ட கேட்டேன். எங்க கொள்ளுத்தாத்தா வளர்ப்புப் பிள்ளையாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறுல ருஷ்யப் பட்டாளத்துக்குப் பயந்து ஜனங்க சீனாவுக்கு ஓடினப்போ, கணவாய்ப் பனியில அஞ்சு வயசுப் பிள்ளையா கெடந்தாராம். ஜன்தாய் தூக்கிட்டு வந்து வளத்திருக்கார். 'எங்கப்பா லாடம் அடிக்கிற போதோபாய்'னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுதாம்."

தன் தாத்தா, லாடக்காரர் போதோபாய், அந்தக் கணவாயில் சின்ன மகனைத் தொலைத்த கதையை, சாய்ரகுலின் மாமனார் சாகிறவரை சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்.

"அப்பா திட்றார்க்கா. கிழவிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுங்கறார். நீங்களும்தான் சொல்வீங்களே, ஒரு சாட்சின்னா கதை, ரெண்டு சாட்சின்னாத்தான் சரித்திரம்னு. அப்போ இது வெறும் கதைதானே? அழிச்சிரட்டா?"

ரப்பர் மேசைமேல் கிடந்தது. அடுக்களையில் எமில் கல்யாணத்துக்குப் பலகாரம் பொரித்தபடி சீட்டியடித்துக்கொண்டிருந்தான். இவள் தலையை ஆட்டினால் போதும், சனிக்கிழமை கல்யாணம் நடந்துவிடும். பெற்ற மனசு ஆட்டத்தான் துடித்தது. சிறுமி ரப்பரை எடுத்தாள்.

சாய்ரகுல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதே."

"ரெண்டாவது சாட்சி இல்லையேக்கா?"

"இருக்கு. மூணாவது கட்டத்துல என் பேரையும் எழுது."

பெகிமாய் ஒன்றும் புரியாமல் எழுதத் தொடங்கினாள். சாய்ரகுல் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"எமில்! அடுப்ப அணைச்சிட்டு இங்க வாப்பா."